கோலா சாவா வீட்டில் அவர் பார்க்கத் தவறியது

சென்ற இதழில் ஒலிக்கருவிகளின் அதிர்வுத் தடுப்பு பற்றி எழுதியவர், வீட்டில் கைப்படச் செய்துகொள்ளும் எந்த ஏற்பாடும் வேலைக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்கு அவர் காட்டும் சாட்சி ஒன்றே ஒன்று. நெகிரி செம்பிலானின் கோலா சாவாவில் ஒரு வீட்டுக்குப் போனார். ரெக்கார்டு பிளேயருக்கு அடியில் ரப்பர் ஷீட் போட்டிருந்ததைப் பார்த்தார். பாட்டில் பேஸ் குழம்பி இரைந்ததைக் கேட்டார். உடனே ரப்பர் இசையைக் கெடுக்கும், தோட்டத்துக் கைவேலை ஒலிக்கு உதவாது, கூர்முனை உலோகக் கால்களும் கருங்கல் பலகையும் வாங்குவதுதான் வழி என்று எழுதிவிட்டார்.

அவருடைய கட்டுரை முழுவதையும் தேடிப் பார்த்துவிட்டேன். கருவியின் எடை இல்லை. ஷீட்டின் தடிப்பு இல்லை. எடை ஏறியபோது அது எவ்வளவு அமுங்கியது என்ற கணக்கு இல்லை. எந்த அதிர்வெண்ணில் இரைச்சல் எழுந்தது என்றும் இல்லை. அளக்காமலே ஒரு பொருளின் மேல் பழி போட்டிருக்கிறார். அதோடு, அந்தப் பொருளை மரத்திலிருந்து இறக்கிய மக்களின் அறிவையும் மட்டம் தட்டியிருக்கிறார். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் சொல்லும் வீட்டை எனக்குத் தெரியும். குட்டையான செங்கல் தூண்களின் மேல் நிற்கும் பழைய பலகை வீடு. வீட்டுக்காரர் காலமெல்லாம் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர். எண்பதுகளில் வாங்கிய எக்கோ நிறுவன இசைத்தட்டுகளை இன்னும் உறை கிழியாமல் வைத்திருப்பவர். கட்டுரை வந்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். அலமாரிக்கு முன்னால் நின்றதுமே காரணம் தெரிந்துவிட்டது. ரெக்கார்டு பிளேயர் எந்த அலமாரியின் மேல் இருந்ததோ, அதே அலமாரியின் இரண்டு ஓரங்களிலும் ஸ்பீக்கர்கள் உட்கார்ந்திருந்தன.

இது தெரிந்தும் எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த வீட்டைச் சாட்சியாக இழுக்க அவருக்கு உரிமை இல்லை. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி படிக்கும் அசைவுகளில் மிகச் சிறியவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதிலிருந்து பிறக்கும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். போனோ ஆம்ப்ளிபயர் அதைச் சுமார் நூறு மடங்கு பெருக்குகிறது. ஆழ்ந்த பேஸில் அது போதாது. தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்துத்தான் பதிவார்கள். அதை ஈடுசெய்ய, 20 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏறக்குறைய இன்னும் ஒன்பது மடங்கு கூட்ட வேண்டும். ஆக மொத்தம் தொள்ளாயிரம் மடங்கு. ஸ்பீக்கரின் அதிர்வு அலமாரிப் பலகை வழியாக ஊசிக்குத் திரும்பினால், அதுவும் இதே கணக்கில் பெருகி மறுபடியும் ஸ்பீக்கருக்குப் போகும், மறுபடியும் ஊசிக்கு வரும். அவர் கேட்ட இரைச்சல் இந்தச் சுற்றிலிருந்து வந்தது. அடியில் ரப்பருக்குப் பதில் தங்கத் தகடு கிடந்திருந்தாலும் அது வந்திருக்கும்.

ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கித் தனித்தனி ஸ்டூலில் வைத்தோம். அந்த இரைச்சல் நின்றது. ஒரு காசு செலவில்லை. ஒலி ஆலோசனை சொல்லும் ஒருவர் முதல் பார்வையில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இது. அவர் சொல்லவில்லை. அதற்கு மாறாக, அந்தப் பெரியவரை அவமதித்து ஒரு பத்தி எழுதினார்.

இனி அந்த ஷீட்டுக்கு வருகிறேன். அது அங்கே உதவவில்லை என்பது உண்மை. ஏன் உதவவில்லை என்பதில்தான் கட்டுரையாளர் முழுக்கத் தவறியிருக்கிறார். ரப்பர் மிருதுவாக இருப்பதால் இசையைக் கரைத்துவிடுகிறது என்கிறார். நடந்தது இதற்கு நேர் எதிர். அந்த ஷீட் அங்கே கல் போல விறைத்துக் கிடந்தது.

ரப்பரின் வடிவம் மாறும், பருமன் அநேகமாக மாறாது. சப்பாத்தி மாவு உருண்டையை அழுத்தினால் பக்கத்தில் பிதுங்குவது போலத்தான் ரப்பரும் அமுங்குகிறது. பிதுங்க இடம் இருந்தால் அமுங்கும், இல்லாவிட்டால் அமுங்காது. அகலமான மெல்லிய ஷீட்டை மேலும் கீழும் பலகைகள் பிடித்துக்கொண்டால், நடுவில் இருக்கும் ரப்பருக்கு ஒதுங்க வழியே இல்லை. சுமை தாங்கும் பரப்பை, பிதுங்கக் கிடைக்கும் பக்கப் பரப்பால் வகுத்தால் ஒரு எண் வரும். அந்த எண் ஏற ஏற ரப்பர் அதன் வர்க்கக் கணக்கில் விறைக்கும். 20 சென்டிமீட்டர் சதுரமும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஷீட்டுக்கு அந்த எண் 10. அதே ரப்பரில் வெட்டிய 2.5 சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு அது கால். ஒரே பொருள்தான். ஆனால் நன்றாகப் பிடிபட்ட ஷீட் அந்தக் கட்டையைவிட நூறு மடங்குக்கும் மேல் விறைப்பாக நிற்கும். பெரியவர் வீட்டு ஷீட் கருவியின் எடைக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட அமுங்கியிருக்காது. அப்படிப்பட்ட ஷீட் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எதையும் தடுக்காது. பேஸின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. குறை வெட்டிய வடிவத்தில். பொருளில் குறை இல்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கட்டுரையாளர் தெரிந்துகொள்ள வேண்டும். 1938இல் இங்கிலாந்தில் பிரித்தானிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. மலாயாவிலிருந்து ஏற்றுமதியான ரப்பரின் மேல் விதித்த தீர்வைதான் அதை நடத்தியது. அங்கே வேலை செய்த ஜென்ட், லிண்ட்லி என்ற இருவர், தகட்டில் ஒட்டிய ரப்பர் கட்டை சுமைக்கு எப்படி அமுங்குகிறது என்ற ஆய்வை 1959இல் வெளியிட்டார்கள். நான் மேலே சொன்ன எண் பொறியாளர்களின் அன்றாடக் கருவியானதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹெர்ட்ஃபோர்டு அருகே பிரிக்கெண்டன்பரியில் அந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது. இன்று அதன் பெயர் துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம். மலேசிய ரப்பர் வாரியத்தைச் சேர்ந்தது. அதாவது, ரப்பரை எப்படி வெட்டி எதற்கு அடியில் வைக்க வேண்டும் என்ற விஞ்ஞானத்துக்குப் படி அளந்தது நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேராக் தோட்டங்களின் பால். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்களின் உழைப்பு அந்தச் சூத்திரத்துக்குள் இருக்கிறது. அவர்களுடைய வீட்டில் நின்றுகொண்டு, ரப்பர் ஒரு ஏழைப் பண்டம், ரசனைக்குத் தகாதது என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தகாத பொருள் என்றால் லண்டன்காரர்கள் ஏன் அதன் மேல் வீடு கட்டினார்கள்? செயின்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்கு நேர் மேலே 1966இல் ஆல்பனி கோர்ட் என்ற குடியிருப்பு எழுந்தது. கீழே ஓடும் ரயிலின் அதிர்வு வீடுகளுக்குள் ஏறாமல் இருக்க, கட்டடம் முழுவதையும் இயற்கை ரப்பர் தாங்கிகளின் மேல் நிறுத்தினார்கள். கலிபோர்னியாவில் ராஞ்சோ குக்கமோங்கா நீதிமன்றக் கட்டடம் 1985இல் நிலநடுக்கத் தாங்கிகளின் மேல் எழுந்தது. அதற்கான ரப்பர் கலவையை உருவாக்கியதும் மலேசியப் பணத்தில் நடந்த அதே ஆய்வுக் கழகம்தான். நம் நாட்டிலேயே 2014இல் திறந்த பினாங்கு இரண்டாம் பாலம் இயற்கை ரப்பர் தாங்கிகளின் மேல் நிற்கிறது. பாலத்தைத் தாங்கும் ரப்பர் எட்டுக் கிலோ ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் தோற்றுப்போகும் என்று நம்பச் சொல்கிறார்.

பெரியவரின் ஷீட்டில் இன்னொரு குறையும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. அது புகைக்கூடத்தில் உலர்ந்த பச்சை ஷீட். கந்தகம் சேர்த்துச் சூட்டில் பதப்படுத்தாத ரப்பர் சுமைக்கு அடியில் நாளாக நாளாக நகர்ந்து தட்டையாகும், பழைய வடிவத்துக்குத் திரும்பாது. தூக்கிப் பார்த்தபோது அலமாரியின் வார்னிஷில் ஒட்டிக்கொண்டு, பலகையின் விளிம்பு அதில் அச்சாகப் பதிந்திருந்தது. அதிர்வுத் தடுப்புக்குப் பதப்படுத்திய ரப்பர்தான் வேண்டும். ரந்தாவ், சிரம்பான் இரும்புக்கடைகளில் கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள்.

ஸ்பீக்கருக்கு எப்படி வெட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த எளிய விஷயத்தைத்தான் கட்டுரையாளர் பூட்டி வைக்கப் பார்க்கிறார். எடை ஏறியதும் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்பதை ஸ்கேலில் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த ஏற்பாட்டின் சொந்த அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ். இரண்டரை மில்லிமீட்டர் என்றால் 10. ஒரு சென்டிமீட்டர் என்றால் 5. அசையும்போது ரப்பர் கொஞ்சம் கூடுதலாக விறைக்கும் என்பதால் உண்மையான எண் இதைவிடச் சற்று மேலே இருக்கும். சொந்த அதிர்வெண்ணைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டிய பிறகுதான் தடுப்புத் தொடங்கும். அந்த அதிர்வெண்ணிலேயே வரும் அதிர்வு குறையாது, கூடத்தான் செய்யும். எட்டுக் கிலோ பெட்டிக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமும் இரண்டரை சென்டிமீட்டர் உயரமுமாக நான்கு கட்டைகள் போதும். மிருதுவான ரப்பராக இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அமுங்கும். 50 ஹெர்ட்ஸ் பேஸில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டூலுக்கு இறங்கும். கத்தியில் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டால் ரப்பர் பிடிக்காமல் நேராக வெட்டும். பெரியவர் வெட்டிய விதத்தைப் பார்த்தேன். காயம் படாமல் பட்டை சீவிப் பழகிய கை, நான்கு கட்டையும் ஒரே உயரத்தில் வந்தது.

கட்டைகளின் மேல் பெட்டி ஆடும், அந்த ஆட்டத்தில் இசையின் கூர்மை போய்விடும் என்பது கட்டுரையாளருடைய அடுத்த வாதம். கணக்கைப் பார்ப்போம். பேஸ் ஸ்பீக்கரின் கூம்பு ஏறக்குறைய 15 கிராம். பெட்டி 8 கிலோ. கூம்பு 4 மில்லிமீட்டர் முன்னால் போகும்போது பெட்டி பின்னால் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கூம்பின் அசைவோடு ஒப்பிட்டால் ஐந்நூறில் ஒன்று. இந்த அளவு இசையை மழுக்கும் என்றால் எந்தக் கணக்கில் மழுக்குகிறது என்று அவர் காட்ட வேண்டும். காட்டவில்லை.

அடுத்தது, அவர் மெச்சும் கூர்முனைக் கால்கள். பெட்டியின் அதிர்வு கூர்முனை வழியாகத் தரைக்கு வடிந்துவிடும், தரையின் அதிர்வு மேலே ஏறாது என்கிறார். பொய் என்ற சொல்லை யோசித்துத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வழி மட்டும் அதிர்வை விடும் ஆணி உலகத்தில் இல்லை. கீழே தள்ளும் விசை எவ்வளவோ அவ்வளவு மேலேயும் தள்ளும். இது பள்ளிக்கூடப் பௌதிகம். கம்பளம் விரித்த தரையில் கூர்முனைக்கு ஒரு வேலை உண்டு. கம்பளத்தைத் துளைத்துக் கீழே உள்ள தரையைப் பிடித்துக்கொள்ளும், பெட்டி தள்ளாடாது. நம் தாமான் வீடுகளில் கம்பளம் ஏது? டைல்ஸ்தான். அங்கே அந்தக் கால்கள் செய்வது கீறல் போடுவது. பலகை வீட்டில் அவற்றால் கேடுதான். தரைப் பலகையே முரசுத் தோல் மாதிரி அதிரக்கூடியது. ஸ்பீக்கரின் பேஸை அதற்குள் ஆணி அடித்து இறக்கச் சொல்கிறார்.

கருங்கல் பலகைக்கும் இதே கதி. எடை தனியாக எதையும் தடுக்காது. எடைக்குக் கீழே நெகிழும் பொருள் இருந்தால்தான் சொந்த அதிர்வெண் கீழே இறங்கும். அலமாரியின் மேல் நேராகக் கிடக்கும் கருங்கல் அலமாரியோடு சேர்ந்து அதிரும். இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஹோலோகிராம் எடுக்கக் கற்றுக்கொடுத்த லாய்டு கிராஸும் அவர் கூட்டாளி ஜெரி பெதிக்கும். ஹோலோகிராம் பதிய, ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்குகூட எதுவும் அசையக் கூடாது. இசைத்தட்டைவிடக் கடுமையான நிபந்தனை. அதற்கு ஆய்வுக்கூடங்கள் விலையுயர்ந்த மேசைகளை வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஒரு பெட்டி நிறைய மணலை நிரப்பி, அதை டயர் டியூப்களின் மேல் மிதக்க விட்டார்கள். ஹோலோகிராம் பதிந்தது. வீட்டுக் கைவேலை வேலைக்கு ஆகாது என்று எழுதியவர் இதற்கு என்ன சொல்வார்?

பெரியவர் வீட்டில் நாங்கள் செய்ததும் அதுதான். சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய பழைய டியூப், அதன் மேல் ஒரு பிளைவுட், அதற்கு மேல் நடைபாதைக்குப் போடும் சிமெண்டுப் பலகை, அதன் மேல் ரெக்கார்டு பிளேயர். டியூபில் கொஞ்சமாகத்தான் காற்று, பிளைவுட் தட்டாமல் மிதக்கும் அளவுக்கு. விரலால் அழுத்தி விட்டால் பலகை மெதுவாக ஆட வேண்டும். ஆட்டத்தைக் கண்ணால் எண்ண முடிந்தால் அது நொடிக்கு நாலைந்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். எண்ண முடியாத வேகத்தில் நடுங்கினால் எடை போதவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. ஊசியும் அதன் கையும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை தாமாகவே ஆடக்கூடியவை. ஏற்பாட்டின் அதிர்வெண் அந்த இடத்தில் வந்து விழக் கூடாது. கீழேதான் இருக்க வேண்டும்.

டியூப் எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. பேரன் வீட்டுக்குள் ஓடியபோது ஊசி தாவியது. நடையின் அதிர்ச்சி நொடிக்கு இரண்டு மூன்று என்ற கணக்கில் வருவதால், அதை ரப்பரும் தடுக்காது, டியூபும் தடுக்காது. அந்த இடத்தில் தனி அஸ்திவாரத்தில் நிற்கும் மூலைத்தூணில் ஒரு தட்டு அடித்து, ஏற்பாடு முழுவதையும் அதன் மேல் ஏற்றினோம். தரை ஆடினாலும் தூண் அவ்வளவாக ஆடுவதில்லை. சிமெண்டுத் தரை வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. வீட்டுக்கு வீடு தரை வேறு, வைத்தியமும் வேறு. கட்டுரையாளர் எல்லா வீட்டுக்கும் ஒரே பொருளை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சுருள்வில்லில் தொங்கும் ரெக்கார்டு பிளேயரை 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எட்கர் வில்ச்சூர் அதற்கு வைத்த விலை அறுபது டாலருக்கும் குறைவு. அதிர்வைத் தடுக்கப் பெரும் பணம் வேண்டும் என்ற பேச்சை அந்தக் கருவி அன்றே உடைத்துவிட்டது. ஸ்பீக்கர் பெட்டி கனமாக இருந்தால்தான் நல்லது என்ற பேச்சையும் எழுபதுகளிலேயே பிபிசி பொறியாளர்கள் சோதித்து ஒதுக்கினார்கள். மெல்லிய பலகையின் உட்புறத்தில் தார் அட்டை ஒட்டி அதிர்வை அடக்கும் வழியைத் தங்கள் ஸ்பீக்கர்களுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அவருடைய கட்டுரையில் என்னை மிகவும் கோபப்படுத்தியது கடைசிப் பக்கம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர், சிடி பிளேயர், தரையில் கிடக்கும் ஸ்பீக்கர் ஒயர் வரை எல்லாவற்றுக்கும் தனித்தனித் தாங்கி வாங்கச் சொல்கிறார். ஊசி அதிர்வுக்குக் கூசும். வால்வு ஆம்ப்ளிபயரின் வால்வும் கூசும். விரலால் சுண்டினால் ஸ்பீக்கரில் கேட்கும். சிடி பிளேயரில் தட்டிலிருந்து படித்த எண்கள் தற்காலிக நினைவகத்தில் சேர்ந்து, கடிகாரக் கணக்கில் வெளியே வருகின்றன. டிரான்சிஸ்டரைச் சுண்டிப் பாருங்கள், ஒன்றும் கேட்காது. ஒயரைத் தரையிலிருந்து தூக்கி வைப்பதால் கேட்கும்படி எதுவும் மாறாது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பாட்டுக் கேட்கும் குடும்பத்திடம் இதற்கெல்லாம் நூற்றுக்கணக்கான வெள்ளி செலவழிக்கச் சொல்வது கொள்ளை. தோட்டம் செம்பனையாக மாறி, லயம் இடிந்து, சிரம்பானுக்கும் நீலாய்க்கும் வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் சம்பாதிக்கும் காசு அது.

அவர் சொல்வதில் சரியானது ஒன்று உண்டு. கண்டபடி ரப்பரை அடைத்தால் நிலைமை மோசமாகலாம். உண்மைதான், சொந்த அதிர்வெண் தவறான இடத்தில் விழுந்தால் மோசமாகும். அப்படியானால் அளக்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அவர் கற்றுக்கொடுத்தது வாங்குவதற்கு.

என் வாதத்தை அவர் ஏற்க வேண்டாம், சோதிக்கட்டும். பெரியவர் சம்மதித்திருக்கிறார். தட்டு சுழலாமல் நிற்கும்போது ஊசியை அதன் மேல் இறக்குவோம். ஒலியளவை ஏற்றுவோம். ஒருவர் தரையில் நடப்பார், ஒருவர் அலமாரியைத் தட்டுவார், பக்கத்தில் இன்னொரு கருவியில் பேஸ் மிகுந்த பாட்டு ஓடும். ஸ்பீக்கரில் என்ன கேட்கிறது என்பதைப் பதிவு செய்வோம். கைப்பேசியில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டு, பலகையின் மேல் வைத்து, அதிர்வின் வரைபடத்தையும் எடுப்போம். ஒரு முறை அவர் பரிந்துரைக்கும் கால்களும் கருங்கல்லும், ஒரு முறை டியூபும் சிமெண்டுப் பலகையும். எது எப்போது அடியில் இருக்கிறது என்று தெரியாதபடி கருவிக்கு முன்னால் துணி கட்டுவோம், கேட்பவர் அவராகவே இருக்கட்டும். இரண்டு பதிவுகளையும் இரண்டு வரைபடங்களையும் இதே இதழுக்கு அனுப்புவோம். அவருடைய கால்கள் வென்றால் அதையும் என் பெயரிலேயே எழுதித் தருகிறேன். தேதியை அவர் சொல்லட்டும்.